பத்துக்கு மூணரை

பெஹாலா மஹாதேவன் கணக்கு வாத்தியாராக இருந்த காலம் முழுக்கப் பத்துக்கு நாலுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை. விடை சரியாக இருந்தால் கையெழுத்தில் குறை கண்டுபிடிப்பார். கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தால், பையன் யாரைப் பார்த்து எழுதினான் என்று விசாரிப்பார்.

ஓய்வு பெற்றுத் திருத்த ஆளில்லாமல் தவித்தவர், 2006-இல் ஒருநாள் கரியாஹாட் கடைத்தெருவில் டிராம் நிற்பதற்குள் இறங்கினார். நிற்கும்வரை காத்திருப்பது கிழவர்கள் செய்கிற காரியம் என்பது அவர் கட்சி. எழுபத்திரண்டு வயது இடுப்பெலும்பு அந்தக் கட்சியில் சேரவில்லை.

ஆஸ்பத்திரியில் வங்காளி நர்ஸ், மாமா முறை வைத்துக் கேட்டாள்: “மேஷோமஷாய், வலி எவ்வளவு? பத்துக்குச் சொல்லுங்க.”

இடுப்பில் யாரோ ரம்பம் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். மஹாதேவன் கண்ணை மூடி நிதானமாக மதிப்பிட்டார்.

“மூணு.”

மூன்றுக்கு உண்டான மாத்திரை வந்தது. விரிப்பை மாற்ற அவரைச் சற்றே அசைத்தபோது போட்ட அலறலில், பல நாளாகப் படுத்தே கிடந்த பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் மறுபடி கேட்டாள். மஹாதேவன் தாராளம் காட்டினார்: “மூணரை.”

மறுநாள் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. மயக்க மருந்து டாக்டர் தீப்தி வந்து விவரம் சொன்னார். முதுகில் ஊசி போட அவரை ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். வலி பொறுக்காதவர்களுக்கு அதற்கு முன்பே தொடையிடுக்கில் ஓர் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போகச் செய்வதுண்டு.

தீப்தி சீட்டைப் பார்த்தார். “இவருக்கு மூணரைதானே? தேவைப்படாது.”

மஹாதேவன் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். திருப்பினால் உயிர் போய்விடும். ஆனால் போட்ட மார்க்கை மாற்றுவதாவது!

மனைவி ஜகதாம்பாள் குறுக்கே வந்து நின்றாள். “டாக்டர், இவர்கிட்ட மூணரை வாங்கின பையன் இப்போ ராக்கெட் விடறான்.”

“நிஜமாவா?”

“பெயிலானவா எல்லாம் பேங்க் மேனேஜர்.” கணவர் பக்கம் திரும்பினாள். “ஏன்னா, வாயைத் தொறந்து பத்துன்னு சொன்னா என்ன?”

“பத்து போட்டுட்டு, நாளைக்கு இதைவிட ஒசந்த வலி வந்தா அதுக்கு என்னடி போடுவேன்?”

தீப்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு நரம்பு ஊசிக்கும் சேர்த்து எழுதினார்.

மறுநாள் ஆபரேஷன் தியேட்டரில், தொடையிடுக்கில் சுருக்கென்று ஊசி இறங்கியது. கொஞ்ச நேரம் ஆனது. அவரைத் திருப்ப ஆட்கள் சுற்றி நின்றார்கள். மஹாதேவன் பல்லைக் கடித்து, கண்ணை இறுக மூடி, தெரிந்த சாமிகளை எல்லாம் தமிழில் கூப்பிட்டார். போதாதென்று காளிகாட் காளியை வங்காளியில் கூப்பிட்டார். கடைசியில் பொறுமை போயிற்று.

“டாக்டர், திருப்பறதா இருந்தா சட்டுனு திருப்புங்கோ. எத்தனை நாழி பயந்துண்டே கிடக்கறது?”

முதுகுக்குப் பின்னாலிருந்து தீப்தியின் குரல் கேட்டது. “திருப்பியாச்சு ஸார். கண்ணைத் திறந்து பாருங்க.”

மஹாதேவன் பார்த்தார். எதிரே சுவர் இருந்தது.