கழுவிய கதவு

திருத்தங்கல் சீனிவாசகம் முதலாளி வீட்டு முன்கதவை யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் உச்சந்தலை வரைக்கும் எரியும். அந்தக் கதவுக்கு உயிர் கொடுத்தவர் என் வீட்டுக்காரர் பெத்தணன். பக்கத்தில் உட்கார்ந்து பெயிண்ட் சுரண்டியவள் நான், பொன்மணி.

இவர் பரம்பரைத் தச்சர் இல்லை. எங்கள் இரண்டு குடும்பமும் விஸ்வநத்தத்தில் வெடிக்கு மருந்து அடைத்தவர்கள்; அதற்கு முன்னால் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். இவருக்கு மருந்து வாடையே ஆகாது, குமட்டிவிடும். அதனால் சிவகாசியில் ஓர் அச்சாபீசுக்கு டை போர்டு அறுக்கப் போனார். வாழ்த்து அட்டையை மயில் மாதிரி, பூ மாதிரி வெட்டி எடுக்க வேண்டுமென்றால், பிளைவுட்டில் அந்த வளைவைப் பிசகாமல் அறுத்து, அதற்குள் கத்தித் தகட்டை வளைத்துச் சொருக வேண்டும். அதில் படிந்த கைதான் பிறகு கதவு, ஜன்னல் என்று மரவேலைக்கு வந்தது.

2007-ல் சீனிவாசகம் தன் தாத்தா கட்டிய வீட்டைப் பழைய மாதிரியே புதுப்பிக்கக் கிளம்பினார். முன்கதவு பர்மாத் தேக்கு. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பெயிண்ட் ஏறி ஏறி, சட்டத்தைச் சுற்றி ஓடிய பீடிங் என்கிற அலங்காரப் பட்டையின் வரியெல்லாம் மொழுக்கென்று மூடிக் கிடந்தது. கீழ்ச்சட்டம் மக்கிப் போயிருந்தது. நான் சுரண்டச் சுரண்ட, இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமுமாக அந்த வளைவு வெளியே வந்தது. இவர் டை போர்டுத் தகடு ஒன்றை அதே வளைவுக்கு அரத்தால் ராவி, அதை வைத்து இழுத்து இழுத்தே புதுப் பீடிங்கைச் செய்தார். பழசையும் புதுசையும் சேர்த்து வைத்தால் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

கதவு கழன்று முற்றத்தில் கிடந்தவரைக்கும் முன்வாசல் வழியாகத்தான் போனோம், வந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கதவை மாட்டிய அன்று சாயங்காலம் முதலாளி சொன்னார்: "ஏலே பெத்தணா, இனிமே பின்பக்கச் சந்து வழியா வந்து போ. வீட்டுல பூசை ஆரம்பிக்கப் போறோம்."

இவர் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் மரவேலை முடிந்தால் தச்சு கழிப்பார்கள். மரத்தை வெட்டிய தோஷம் வீட்டில் தங்கக்கூடாதென்று, வேலை செய்தவரே பூசை போட்டு, வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்குவார். அந்த ஒன்றுக்காகத்தான் இவர் காத்துக் கிடந்தார். சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் நல்ல சட்டை ஒன்றைத் தேய்த்து எடுத்து வைத்திருந்தார்.

"தச்சு கழிக்க என்னைக்கு வரணும் மொதலாளி?" என்று கேட்டார்.

"அதுக்குக் காரியாபட்டியில இருந்து பரம்பரை ஆசாரி வாராரு. நீ நாளையில இருந்து வர வேண்டாம்லே."

"கதவு ஓரத்துக்கு இன்னும் எண்ணெய் குடுக்கலையே. அதுவரைக்கும் தண்ணி படக்கூடாது, பாத்துக்கோங்க."

"எல்லாம் அவரு பாத்துக்கிடுவாரு."

இந்த மரத்தில் ஒரு சீவல்கூடச் சீவாத ஆள் வந்து தோஷம் கழிக்கிறாராம்! இவர் பையைத் தூக்கினார். வீட்டுக்கு வந்ததும் வாய்க்கு வந்தபடி வைதேன். முதலாளியை மட்டுமில்லை, இவரையும்தான்.

பால் காய்ச்சுகிற அன்று விடிந்ததும் முதலாளியிடமிருந்து போன். கதவு திறக்கவில்லை, உடனே வா என்றார். இவர் அந்தத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "இன்னும் என்ன மரியாதைய எதிர்பாத்துப் போறீக?" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் போனேன்.

அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் பாலம்மாள் தெருமுனையிலேயே எங்களை மறித்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள். ஆசாரி ஓரத்துக்கு எண்ணெய் கொடுக்காமலே தச்சு கழித்துவிட்டு ஊருக்குப் போன பிறகு, முதலாளி சம்சாரம் யோகேஸ்வரி, "கண்டவன் கை பட்ட கதவு" என்று மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக் கழுவ வைத்தாராம். சாத்திய கதவு விடிவதற்குள் ஊதி, நிலையைக் கவ்விக்கொண்டுவிட்டது.

வாசலில் பந்தல், மேளம். பட்டுச்சேலைக்காரிகள் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடை ஓரமாக அந்தப் பின்பக்கச் சந்து வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பார்க்க எனக்குக் குளிர்ந்தது. பொய் சொல்வானேன்.

"வாலே பெத்தணா, நல்ல நேரம் போகுது," என்றார் முதலாளி. "சந்து வழியா உள்ள போயி, ரெண்டு இழை இழைச்சு விடு."

இவர் கதவுக்கு முன்னால் போய் நின்றார். தொடவில்லை. பீடிங்கை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்:

"இழைக்கிறது பெரிய வேலை இல்ல மொதலாளி. என் கை பட்டா மறுபடியும் களுவுவீக. களுவுனா மறுபடியும் ஊதும்."