கோடு போட்ட கையெழுத்து

கொடிக்கடை பாண்டு அங்கிள் இன்று காலை இறந்துவிட்டார்.

நம்ம ஆரணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் எல்லாக் கட்சிக் கொடியும் துண்டும் பேட்ஜும் ஒரே கடையில் தொங்குமே... அந்தக் கடைக்காரர். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

நான் இங்கே எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் போடுவதைப் படித்துவிட்டு, லைக் கூடப் போடாமல் நகர்ந்துவிடுவேன். இன்றைக்கு மட்டும்.

தலைவர்கள் கையெழுத்து போட்ட தொப்பி, மேஜைக் கடிகாரம், தலையாட்டி பொம்மை... எது கிடைத்தாலும் ஒரிஜினலா டூப்பா என்று கேட்க அவரிடம்தான் வருவார்கள். இது பலருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. தலைவர் முகம் அச்சடித்த பிளாஸ்டிக் விசிறி. (எந்தத் தலைவர் என்று சொல்ல மாட்டேன், கமெண்ட்டில் சண்டை வரும்.) தாடைப் பக்கம் மார்க்கரில் ஒரு கையெழுத்து. அதன் கீழே ஒரு கோடு.

அப்பா பட்டுத்தறியில் கூலிக்கு நெய்கிறவர். கல்யாணத்துக்கு முன்னால், ஒரு தேர்தல் சமயத்தில், பெரணமல்லூர் ரோட்டில் ஜீப் பின்னாலேயே ஓடி வாங்கிய கையெழுத்து. விசிறிக்குப் பாலிதீன் கவர் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

கதையை எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பார். "தலைவர் என் கைய புடிச்சாரு. நம்மள மாதிரியே காய்ப்பு காய்ச்ச கை."

டீக்கடையில் அவர் செட்டுக்குக் கிண்டல் பண்ண அந்த வரி போதும். "உன் தலைவரு எந்த தெருவுல தறி போட்டாரு? பார்டர் சேலையா, பிளைனா?"

போன வருஷம் ஒருத்தர், "நீயே கையெழுத்து போட்டுகினு வந்து கத வுடற" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

விசிறியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நீ படிச்சவ. பாண்டுகிட்ட காட்டி கேட்டுகினு வா. டூப்புன்னா நானே போய் சொல்லிடறேன்."

அதற்குப் பிறகு டீக்கடைக்கே போகமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கடையில் எனக்கு முன்னால் சேத்துப்பட்டுக்காரர் ஒருத்தர், கையெழுத்து போட்ட குடையோடு நின்றிருந்தார். அங்கிள் லென்ஸ் வைத்துப் பார்த்தார், விரித்துப் பார்த்தார், மடக்கினார். "இந்த மாடல் குடை வரும்போது தலைவர் உயிரோட இல்லீங்களே..."

குடைக்காரர் முகம் வாடிவிட்டது. "குடை நல்லா இருக்குது. மழைக்கு வச்சிக்கோங்க" என்றார் அங்கிள்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவருக்குக் கேட்டுவிட்டது.

"கூட்டத்துல எவன்மா நிதானமா கையெழுத்து போடுவான்? அழகா இருந்தாவே எனக்கு டவுட்டு."

விசிறியை நீட்டினேன். லென்ஸை எடுக்கவே இல்லை... அதைத்தான் முதலில் கவனித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "பெரணமல்லூர் ரோடா?" என்றார். அப்பாவோடது என்றேன்.

பிறகு ஒரு மார்க்கரை எடுத்து, கொடி சுற்றி வந்த கவர் மேல் கிறுக்கினார். அதே கையெழுத்து. அதே கோடு.

"தலைவர் கோடு போட மாட்டாரும்மா. அது என் ஸ்டைலு."

இளவயதில் அங்கிளுக்கு அந்தத் தலைவர் ஜாடையாம். வெள்ளைச் சட்டையும் கண்ணாடியும் மாட்டி, கூட்டம் சேர்க்க முன் ஜீப்பில் நிற்க வைப்பார்களாம். நிஜத் தலைவரின் வேன் பின்னால் வந்தது, நிற்காமலே போய்விட்டது.

"நான் அவரு இல்லப்பான்னு சொல்றதுக்குள்ள உங்க நைனா விசிறிய நீட்டிட்டாரு. அவ்ளோ தூரம் ஓடி வந்த மனுஷன இன்னா சொல்லி அனுப்பறது?"

"அந்த சமயத்துல நீங்க இன்னா வேலை அங்கிள்?"

"தறிதான். கடையெல்லாம் அப்புறம்."

மார்க்கரை மூடி வைத்தார். "வீட்ல நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றார். மறுநாள் அப்பாவையே கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கிள் எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. அப்பா விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கைய காட்டுணா."

அங்கிள் வலது கையை நீட்டினார். அப்பா அந்த உள்ளங்கையைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். தறிக் கயிறு இழுத்து இழுத்துக் காய்ச்சுப்போன இடம்.

"அதான பாத்தேன்!" என்று கத்திவிட்டார் அப்பா. "ஒருத்தனும் நம்பலணா!"

அன்று சாயந்திரமே இரண்டு பேரும் சேர்ந்து டீக்கடைக்குப் போனார்கள். "அப்போ டூப்புதானய்யா?" என்று கேட்டார்களாம். "கையெழுத்து டூப்பு. காய்ப்பு ஒரிஜினல்" என்றாராம் அப்பா. பக்கத்தில் நின்று அங்கிள் கையை விரித்துக் காட்டினாராம். அதற்கப்புறம் இந்தக் கதையை அப்பாவை விட அங்கிள்தான் அதிகம் சொன்னார். அதனால்தான் தயங்காமல் எழுதுகிறேன்.

அப்பா இப்போதுதான் சாவு வீட்டுக்குப் போய் வந்து குளித்தார். துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, திரும்பாமலேயே சொன்னார்.

"மாலை போட்டுட்டு கைய புடிச்சி பாத்தேன். காய்ப்பு இன்னும் கொஞ்சம் இருக்குது."

போய்ட்டு வாங்க பாண்டு அங்கிள். விசிறி சாமி படத்துக்குப் பக்கத்திலேயேதான் இருக்கு.