அவள் ஓட்டினால் மட்டும்

அந்த வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கணவர். அவர் ஓட்டுவார், ஆனால் பின்பக்கமாக எடுக்கும்போது யாராவது இறங்கி நின்று "வா, வா, போதும் போதும்" என்று கத்த வேண்டும். இன்னொருத்தி அவள். நாற்பதை நெருங்கும் வயதில்தான் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்த பள்ளியில் "உங்களுக்குக் கையும் காலும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்குதும்மா" என்று சொன்னார்கள். பிறந்ததிலிருந்து அவளைப் பற்றி யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தபோது மகள் சிரித்துவிட்டதால் நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவது அவள் பொறுப்பு. ஒரு குளிர்ப்பெட்டி, ஊசிகள், பஞ்சு, நிறம் நிறமாய் மூடி போட்ட குழாய்கள். வீட்டில் ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்யூவி வாங்கியபோது, கணவருக்கு அலுவலக வேன் வந்துவிடும் என்பதால், பகல் முழுவதும் வண்டி அவளுடையதானது. அவ்வளவு பெரிய வண்டியிலிருந்து ஒடிசலான ஒருத்தி குளிர்ப்பெட்டியோடு இறங்குவதைப் பார்த்து நோயாளிகளே சிரிப்பார்கள். "என்னம்மா, ரத்தம் எடுக்க வந்தியா, வீட்டையே காலி பண்ணிட்டுப் போக வந்தியா?" என்று ஒரு கிழவர் கேட்டார். அவளுக்கும் சிரிப்புதான். சந்தோஷமாக இருந்த காலம் அது.

வண்டியில் முதலில் தலைகாட்டிய கோளாறு ஆயில். சர்வீஸ் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அளவுக்கம்பியை எடுத்துத் துடைத்துப் பார்த்தால் நுனியில்தான் ஈரம். சர்வீஸ் சென்டரில் சொன்னாள். அங்கே கழுத்தில் அட்டை தொங்கவிட்ட அட்வைசர் ஒருவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை.

"இந்த இன்ஜின் கொஞ்சம் ஆயில் சாப்பிடும் மேடம். அது நார்மல்."

"எவ்வளவு சாப்பிட்டா நார்மல்?"

"சாப்பிடும் மேடம். ஊத்திக்கலாம்."

மருமகள் ஒரு கவளம் கூடச் சாப்பிட்டால் கண்ணில் படுகிற உலகத்தில் இன்ஜினுக்கு மட்டும் என்ன சலுகை பார் என்று நினைத்துக்கொண்டு, டிக்கியில் ஆயில் டப்பா ஒன்றைப் போட்டு வைத்தாள்.

அடுத்து வந்ததுதான் வினை. ஒரு மத்தியானம், நல்ல வெயில். மூன்று வீடு முடித்துவிட்டு நாலாவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டது. இழுக்கவில்லை, உதறவில்லை, இருமக்கூட இல்லை. ஊதி அணைத்த மாதிரி இன்ஜின் சத்தம் போயிற்று. முன்னால் இருக்கிற எச்சரிக்கை விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து மல்லுக்கட்டி ஓரமாகக் கொண்டுவந்து சேர்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆயிற்று.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள்.

"கிளட்சைச் சட்டுனு விட்டிருப்ப."

"டாப் கியர்ல போயிட்டிருக்கேன். அதுல எவன் கிளட்சைத் தொடுவான்?"

"தெரியாம பண்ணியிருப்ப."

பிறகு அது வாடிக்கையாயிற்று. எப்போதும் வெயில் நேரம், எப்போதும் டேங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும்போது. அதை அவள் கவனித்தாள். கவனித்ததை அட்வைசரிடம் சொல்லவும் செய்தாள். அவர் வண்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். ஒரு பிழையும் காட்டவில்லை. மெக்கானிக் ஒருவரை விட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அவர் காலைக் குளிர்ச்சியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "தங்கம் மாதிரி ஓடுது" என்றார்.

"சார் ஓட்டும்போது இந்தப் பிரச்சனை வருதா மேடம்?" என்று அட்வைசர் கேட்டார்.

வரவில்லைதான். சார் விடுமுறை நாளில், வெயில் ஏறுவதற்கு முன்னால், டேங்கை நிரப்பிக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறவர். அவருக்கு எப்படி வரும்? ஆனால் அந்த ஒரு கேள்வியோடு முடிவு எழுதியாகிவிட்டது. அட்வைசர் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஓட்டுற பழக்கம் சார். லேடீஸ் கொஞ்சம் பதட்டப்படுவாங்க" என்றார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற அவளுக்குக் கேட்டது. கணவர் சிரித்தார்.

அன்றிலிருந்து அது வீட்டுப் பேச்சாயிற்று. மாமியார் சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." நாத்தனாரின் கணவர் விருந்துக்கு வந்தால் வாய் சும்மா இருக்காத மனிதர். அவர் அவளைப் பார்த்ததும், "வாம்மா தங்கச்சி, இன்ஜின் எல்லாம் உன்னைப் பார்த்தா மூச்சை நிறுத்திடுதாமே?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால், "இதுக்கெல்லாமா கோவம்?" என்று அதற்கொரு பேச்சு வரும்.

மேம்பாலத்தில் நடந்தது அதற்கப்புறம். மாமியாருக்குக் கண் பரிசோதனை. நாத்தனாரும் உடன் வந்தார். பரிசோதனை முடிந்து மத்தியான வெயிலில் திரும்பி வருகிறார்கள். முந்தின நாளே, "பெட்ரோல் போட்டுட்டு வாங்க" என்று கணவரிடம் சொல்லியிருந்தாள். அவர் மறந்துவிட்டார். பாலத்தின் ஏற்றத்தில், பாதி வழியில், அந்தச் சத்தமில்லாத சாவு. இந்த முறை ஓரம் என்று ஒன்று இல்லை. எச்சரிக்கை விளக்கைப் போட்டாள். பிரேக் மரத்துப்போயிருந்தது, இரண்டு காலையும் வைத்து மிதித்துக்கொண்டு, "பயப்படாதீங்க அத்தை, கதவைத் திறக்காதீங்க" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் வந்த சரக்கு வண்டி இடித்தது.

பின் கதவு அப்பளமாய் நொறுங்கியது. நாத்தனாருக்குக் கழுத்தில் பிடிப்பு. முன்னால் உட்கார்ந்திருந்த மாமியார் கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை முழுதாக மடங்கவில்லை. அவளுக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. அதுவும் ஒரு குற்றமாயிற்று.

இடித்தவன் மேல்தான் தப்பு என்று போலீஸ் சொன்னது. வீடு அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாத்தனார் அழுதுகொண்டே, "தெரியலைன்னா ஓட்டாம இருக்கணும். எங்கம்மா உயிர்தான் உனக்குப் பழகக் கிடைச்சுதா?" என்றார். கணவர் பக்கத்தில்தான் இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு இடித்தபுளி மாதிரி நின்றார். வாசல் ஆணியில் எல்லாருக்கும் பொதுவாகத் தொங்கிய வண்டிச்சாவி அதற்குப் பிறகு அவருடைய பைக்குள் போயிற்று. எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. சாவி இடம் மாறியது, அவ்வளவுதான்.

வண்டி இல்லாமல் வீடு வீடாகப் போக முடியாது. பரிசோதனைக் கூடத்தில் அவளை உள்ளே உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. குழாய்களுக்குப் பெயர் ஒட்டி அடுக்குகிற வேலை. வெளி வேலைக்கு வேறொரு பெண்ணைப் போட்டார்கள். இதெல்லாம் போகட்டும், அவளை அரித்தது வேறு. மெல்ல மெல்ல அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது இடது கால் தானாக அழுத்தும், விடும். ஒருவேளை நான்தான் ஏதோ செய்தேனோ? பத்துப் பேர் சேர்ந்து ஆட்டை நாய் என்றால், கடைசியில் ஆடே குரைத்துப் பார்க்கும் போலிருக்கிறது.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு நாள் சர்வீஸ் சென்டரிலிருந்து ஃபோன் வந்தது. புகார் கொடுத்ததெல்லாம் அவள் நம்பரிலிருந்து என்பதால் அவளுக்கே வந்தது.

"மேடம், உங்க மாடலுக்குக் கம்பெனியிலேர்ந்து சேஃப்டி ரீகால் வந்திருக்கு. எல்லா வண்டியையும் திரும்பக் கூப்பிடுறாங்க. பெட்ரோல் பம்ப்பை இலவசமா மாத்தித் தருவோம். பயப்பட ஒண்ணுமில்ல."

"பம்ப்புல என்ன?"

"சூட்டுல உள்ள இருக்கிற பார்ட் கொஞ்சம் உப்பிடுது மேடம். ஓடிட்டிருக்கும்போது இன்ஜின் ஆஃப் ஆக வாய்ப்பு இருக்கு. நீங்க வர்ற வரைக்கும் முடிஞ்சா வண்டியை வெளிய எடுக்காம இருங்க."

பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எடுக்காதீர்கள். அவள் கையிலிருந்த குழாய்களை வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடைதான் வலித்தது.

கணவரிடம் சாவியைக் கேட்டு வாங்கி, வண்டியை இழுவை வண்டியில் ஏற்றச் சொல்லி, தானே கூடப் போனாள். அதே அட்வைசர்.

"அந்தப் பழைய பம்ப்பைக் கழட்டினதும் நான் பார்க்கணும்" என்றாள்.

ஒரு தட்டில் கொண்டுவந்தார்கள். டம்ளர் அளவு உருளை. அதைப் பிரித்து, உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரத்தைக் காட்டினார்கள். சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அது உப்பிப்போய்ச் சுற்றுவதற்கு இடமில்லாமல் இறுகியிருந்தது.

"டேங்குல பெட்ரோல் இருந்தா இது குளிர்ச்சியா இருக்கும் மேடம். குறையக் குறையச் சூடாகும்."

"வெயில்ல, பாதி டேங்குக்குக் கீழ போனா நிக்குதுன்னு நான் சொன்னேனே?"

"அப்போ ஸ்கேன்ல எதுவும் காட்டலை மேடம்."

"ஸ்கேன் காட்டலை. நான் சொன்னேன்."

அவர் கீபோர்டைப் பார்த்தார். "கம்பெனி அப்போ எங்களுக்கே சொல்லலையே மேடம்."

"எங்க மாமியாருக்கு மணிக்கட்டு போச்சு. எனக்கு வெளி வேலை போச்சு. லேடீஸ் பதட்டப்படுவாங்கன்னு சொன்னீங்க. இப்போ யாரு பதட்டப்படுறாங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அட்வைசர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். காபி வேண்டுமா என்று கேட்டார். அந்தச் சக்கரத்தைத் தனக்குத் தரும்படி கேட்டாள். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், தரமுடியாது என்றார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "ஃபீட்பேக் கேட்டு ஒரு கால் வரும் மேடம். பத்துக்குப் பத்துன்னு சொல்லிடுங்க ப்ளீஸ்" என்றார். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கெஞ்சினார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். கணவர், "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். அடுத்த நாள் அலுவலக நண்பர் ஒருவரிடம் ஃபோனில், "வெயில்லதான் வருது, பெட்ரோல் குறைஞ்சா வருது, நான் அப்பவே கண்டுபிடிச்சுச் சொன்னேன், கேட்டாத்தானே" என்று அளந்துகொண்டிருந்தார். அவள் அடுப்படியில் நின்று முழுவதையும் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள். "உங்க அம்மா, அக்கா எல்லாரும் இருக்கும்போது தப்பு என்மேல இல்லைன்னு உங்க வாயால சொல்லுங்க."

"முடிஞ்சு போனதை எதுக்குக் கிளறணும்? சரியாகிடுச்சுல்ல, விடேன்."

அவள் விடவில்லை. விடுமுறை நாளில் நாத்தனார் வீட்டில் எல்லாரும் சாப்பிடக் கூடியிருந்தபோது, இலைக்கு வந்த சோறு ஆறிக்கொண்டிருக்க, தானே சொன்னாள். பம்ப் எப்படிக் கெட்டது, ஃபோனில் என்ன சொன்னார்கள், எல்லாம். சபை கேட்டது. நாத்தனார் குழம்பை ஊற்றிக்கொண்டே, "சரி விடு. உன்னை இங்க யாரு குத்தம் சொன்னா?" என்றார்.

"நீங்க சொன்னீங்க அண்ணி. ஆஸ்பத்திரியில."

"நானா? நான் எங்கம்மாவுக்கு இப்படி ஆயிடுச்சேன்னு அழுதேன். உன்னை ஒரு வார்த்தை சொன்னேனா?" சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரவர் இலையைப் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போயே போய்விட்டது.

மாமியார் இடது கையால் மோரை எடுத்தபடி, "வண்டி நின்னா என்ன? சாமர்த்தியமா ஓரங்கட்டியிருக்கணும்" என்றார். நாத்தனார் கணவர் இறுக்கத்தைக் கலைக்க நினைத்து, "அதுக்கில்ல தங்கச்சி, பம்ப்பே உன்னைப் பார்த்துத்தான் பயந்து உப்பிடுச்சோ என்னவோ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கணவரும். பதினாறு வயது மகள் மட்டும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் விழுங்கினாள்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து கை கழுவினாள்.

கிளம்பும்போது கணவர் பெருந்தன்மையாகச் சாவியை நீட்டினார். "இனிமேதான் பயமில்லையே. நீயே ஓட்டு."

வாங்கிக்கொண்டாள். மாமியாரையும் மகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, அதே பாலத்தின் மேல், அதே வெயிலில் ஓட்டி வந்தாள். இடித்த இடம் வந்ததும் மாமியார் மேல் பிடியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, மெதுவா" என்றார். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடிற்று. வீட்டு வாசலில் ஒரே மூச்சில் பின்பக்கமாக எடுத்து நிறுத்தினாள். யாரும் இறங்கி நின்று கத்த வேண்டியிருக்கவில்லை.

எல்லாரும் இறங்கிய பிறகு கணவரிடம் சொன்னாள்: "இதுதான் கடைசி. வண்டியில நான் போவேன், என் பொண்ணு வருவா. உங்க வீட்டு ஆளுங்களை இனிமே நான் ஏத்த மாட்டேன்."

"கோவத்துல பேசாத."

"கோவம் போன வருஷமே தீர்ந்துபோச்சு."

பேச்சுக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். பேச்சுக்கு இல்லை. பரிசோதனைக் கூடத்தில் வெளி வேலையைத் திரும்பக் கேட்டாள். புதுப் பெண் நன்றாகச் செய்கிறாள், பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஏழு பேர் உட்காரும் வண்டியில் தினமும் ஒற்றை ஆளாக அந்த ஜன்னல் இல்லாத அறைக்குப் போய் வருகிறாள்.

மாமியாருக்கு மணிக்கட்டுப் பயிற்சிக்கு வாரந்தோறும் போக வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி அவள் போகிற வழியில்தான். ஒரு காலையில் கணவர் வாசலுக்கு ஓடிவந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"அம்மாவை வழியில இறக்கி விட்டுட்டுப் போயேன். போற வழிதானே?"

மாமியார் படியில் பையோடு நின்றிருந்தார். வலது கையை இடது கையால் தாங்கியபடி. கேட்க வாய் வரவில்லை, ஆனால் கண் வண்டிக் கதவின் மேல்தான் இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு கணம் கதவுப் பூட்டின் மேல் விரலும் போயிற்று.

"டாக்ஸி சொல்லிடுங்க" என்றாள். "நான் ஓட்டினா நின்னுடும்."

முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல, மிக மெல்ல விட்டு, தெருவில் இறங்கிப் போனாள்.