முதல் மண்ணும் மாநிலக் கோடும்

நடந்தது இந்த வரிசையில்:

1. நகரிக்குத் தெற்கே ஓர் எல்லை ஊர். அங்குள்ள கிறிஸ்தவ சபையார் முதல்முறையாகக் கல்லறைக் குழியை ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள்.
2. அடுத்த வாரம் கல்லறைக்குப் போகும் வழியில் முள்வேலி வந்தது.
3. ஊர் ஆந்திராவில், கல்லறை தமிழ்நாட்டில். ஆகவே இது எல்லைப் பிரச்சினை என்று சபையார் முடிவு செய்தார்கள்.
4. எல்லை வரலாறு பேச என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் திருப்பதியில் இருக்கிறேன். ஜிஐஎஸ் படித்தவள்; வரைபட வேலை எடுத்துச் செய்வது பிழைப்பு. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்ததையும் பிறகு நடந்த எல்லைப் பங்கீட்டையும், எந்தக் கல்லூரியையும் சாராமல், நானாக ஆராய்கிறேன். கண்டதை ஃப்ளெக்ஸில் அச்சிட்ட வரைபடத்தோடு ஊர் ஊராகப் போய்ச் சொல்வேன்.

கூட்டத்துக்கு முன் மெர்சி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற நர்ஸ், இதய நோயாளி. கணவர் அந்தக் கல்லறையில் இருக்கிறார். பக்கத்தில் இவருக்கு இடம் விட்டிருக்கிறது.

“நீ இன்னா வேணா பேசு கண்ணு. என்னை அவரு பக்கத்துல போட வழி கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு.”

சபைச் செயலாளரின் எதிர்பார்ப்பு வேறு. “மேடம், கோடு போட்டு எங்க கல்லறையைப் பிச்சிக்கினு பூட்டாங்கன்னு அடிச்சுச் சொல்லணும். கலெக்டராபீசுல மனு குடுக்கப் போறோம்.”

என் வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. பழைய கிராம வரைபடத்தை சாட்டிலைட் படத்தின்மேல் பொருத்திப் பார்த்திருந்தேன். எல்லைப் பங்கீட்டில் ஊர்தான் அலகு; எந்த ஊரையும் உடைக்காமல் முழுதாகவே பிரித்தார்கள். இங்கே கோடு ஊர் எல்லைமேலேயே போகிறது. கோடு போடுவதற்கு முன்பும் கல்லறை பக்கத்து ஊர் நிலம்தான். அதனால் வேலி போட்ட முனிரத்தினத்தையும் கூட்டத்துக்கு வரும்படி நானே சொல்லி அனுப்பியிருந்தேன். அந்தப் பக்கத்து விவசாயி. வந்து வாசல் ஓரமாக நின்றார்.

படத்தை மாட்டினேன். கண்டதைச் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். “எங்க ஊட்டுச் சோறு துன்னுட்டு அவுங்களுக்குப் பேசறியாமா?”

“நான் எப்பய்யா ஸ்டேட் பேரு சொன்னேன்?” என்றார் முனிரத்தினம் வாசலிலிருந்து.

“பின்ன வேலி எதுக்குப்பா போட்ட?” மெர்சி அக்கா கேட்டார்.

“மொதல் மண்ணு எங்க ஊட்டு ஆளுதான வெட்டணும்? எங்க நைனா வெட்டினாரு. உங்க ஊட்டுக்காரருக்கு நான் வெட்டினேன். இப்ப ஜேசிபி இட்டாந்துட்டீங்க. ஒரு வார்த்த சொன்னீங்களா?”

செயலாளர் இறங்கி வந்தார். “அது கூலி வேலைன்னு நெனச்சோம்பா. உனக்கு எதுக்கு செரமம்னு…”

“கூலியா? ஒரு தேங்கா, ரெண்டு வெத்தல. எந்தக் கூலிக்காரன்யா தேங்காவுக்கு வருவான்?”

முதலில் சிரித்தவர் மெர்சி அக்காதான்.

அடுத்த ஊர் நிலத்தில் இவர்கள் எப்படிப் புதைத்துவந்தார்கள் என்பது எனக்கு அதுவரை புரியாமல் இருந்தது. முதல் மண் வெட்டுவது, அந்த ஊர் ஒவ்வொரு முறையும் சம்மதம் சொல்லும் முறையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் கூட்டத்திலும் சொன்னேன். ஆதாரம் கையில் இல்லை.

“அப்ப எனக்கு வெட்டுவியாப்பா?” என்று மெர்சி அக்கா முனிரத்தினத்தைக் கேட்டார்.

“இன்னாக்கா, இப்பவே ஆர்டர் குடுக்கற?”

“வெட்டுவியா, மாட்டியா?”

“வெட்டறேன். நீ அவசரப்படாத.”

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எல்லையோரத்தில் எந்த மனத்தாங்கலுக்கும் மாநிலக் கோடு கைக்கெட்டும் காரணம். வரைபடத்தோடு போகும் நாமும் அதைத்தான் முதலில் நீட்டுவோம். கோட்டின் இரண்டு பக்கத்து ஆட்களும் உட்காராத கூட்டத்தில் நான் இப்போது பேசுவதில்லை.

இன்றைய நிலை: வேலியில் பெட்டியும் ஜேசிபியும் போகும் அகலத்துக்கு வழி விட்டிருக்கிறது. முதல் மண் வெட்டிய பிறகே ஜேசிபி வருகிறது. மனு போகவில்லை, நிலத்தைப் பற்றி எழுத்தில் எதுவும் தீரவில்லை. மெர்சி அக்கா செக்கப்புக்குப் புத்தூர் போய்வந்துகொண்டிருக்கிறார். அவருடைய இடம் காலியாக இருக்கிறது.