உள்ளே தங்கிவிட்ட நாடா

முதலில் ஒரு தும்மல். அச்சகத்தில் காலண்டர் தாள்களுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். மை நெடி மூக்கிலேற, தும்மினேன், உள்பாவாடை நனைந்தது. பிறகு இருமல், சிரிப்பு, இடுப்பில் ஏற்றிய குடம். விஸ்வநத்தம் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் சிவகாசியே வானத்தில் புகையைத் தேடும். நான் குனிந்து சேலையைப் பார்ப்பேன். அங்கேதான் என் கணவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவருக்காக நெஞ்சு பதறும் முன்பே என் உடம்பு என்னை நனைத்துவிடும்.

மதுரையில் ஒரு பெண் மருத்துவர் ‘அழுத்தக் கசிவு’ (இருமினால், தும்மினால் சிறுநீர் ஒழுகுவது) என்றார். சிறுநீர்த் தாரைக்கு (சிறுநீர் வெளியேறும் குழாய்) அடியில், செயற்கை இழையில் நெய்த நாடா ஒன்றைத் தொட்டில் போல வைத்தார்கள். கசிவு நின்றது. வேண்டுமென்றே தும்மிப் பார்த்தேன், நின்றேதான் இருந்தது.

கணவரின் தங்கை பழங்களோடு வந்தாள். “என்ன மதினி, டாக்டரு புதுப்பொண்ணாக்கி அனுப்பிட்டாகளாமே? எங்கண்ணனுக்குத்தான் இனிமே சீசன்!”

“போடி அங்கிட்டு” என்றேன். பயமில்லாமல் சிரித்தது அன்றைக்குத்தான்.

மருத்துவர் ‘சேரலாம்’ என்று சொன்ன பிறகு வந்த ஒரு ஞாயிறு மதியம். பிள்ளைகள் அத்தை வீட்டில். எனக்குள் எதுவோ தோலைச் சீவியது போல எரிந்தது. என் கணவர் சட்டென்று விலகினார். விரிப்பில் ரத்தம், ஒரு கோடு. “விடு” என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் அவர் படுக்கை கூடத்துக்குப் போய்விட்டது. காலையில் டீ போட்டுக் கொடுப்பார், என் விரல் படாமல் டம்ளரை வைத்துவிட்டுப் போவார். அவர் சட்டைகளை முகர்ந்து பார்த்தேன். வேறு எவள் வாசமும் இல்லை, பட்டாசு மருந்து நெடி மட்டும். அப்படியானால் அருவருப்புதான் என்று முடிவுகட்டினேன். அவ்வப்போது ரத்தம் தீற்றலாய்ப் பட்டது. மாதவிலக்கு நிற்கிற வயசு என்று அதையும் மடித்து வைத்தேன். வைகாசி போய் ஐப்பசி வந்தது.

தீபாவளி லோடெல்லாம் போய்க் கம்பெனி ஓய்ந்திருந்த நாளில் கேட்டேன். “என்னப் பிடிக்கலைன்னா சொல்லிருங்க.”

“ஏளா, கிறுக்கி மாதிரி பேசாத. பத்த வச்சு வெடிக்காமக் கெடக்குறதுகிட்ட எவனாச்சும் போவானா? அன்னைக்கு உள்ள சுருக்குன்னு என்னமோ என்னக் குத்துச்சு. ரத்தத்தயும் பாத்தேன். கை வைக்காம விட்டா அதுவா ஆறிரும்னு இருந்தேன்.”

சந்தேகமா, வெளியே வா, தொடாதே, தணியட்டும். ஷெட்டில் ஆட்களை அவர் உயிரோடு வைத்திருந்த விதி அது. அதே அக்கறையோடுதான் என்னையும் விட்டுவைத்திருந்தார். அந்த மாதங்களில் உள்ளே நாடா மெல்ல அறுத்துக்கொண்டிருந்தது.

இருவருமாக மதுரைக்குப் போனோம். மருத்துவர் சோதித்துவிட்டுக் கேட்டார்: “வீட்டுக்காரருக்குக் குத்துச்சாம்மா?”

நான் திரைப் பக்கம் திரும்பினேன். அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. “ஆமா டாக்டரம்மா. நான்தான் யார்ட்டயும் சொல்லல.”

‘நாடா அரிப்பு’ (நாடா யோனிச் சுவரை அரித்து வெளியே தலைகாட்டுவது) என்றார் மருத்துவர். “அப்பவே வந்திருந்தா களிம்புலயே ஆறியிருக்கலாம். இப்ப வெளிய தெரியுறத வெட்டித் தைக்கணும். மிச்சம் உள்ளதான் இருக்கும். மறுபடி வராதுன்னு நான் சொல்லமாட்டேன். கசிவும் கொஞ்சம் திரும்பலாம்.”

“நாங்க பழையபடி…” என்று அவர் இழுத்தார்.

“புண்ணு ஆறட்டும். அப்புறம் மெதுவா. வலிச்சா நிறுத்துங்க. நிறுத்திட்டு வீட்ல இருக்காதீங்க, இங்க வாங்க.”

இதைப் படிக்கிற பெண்ணே, வலி உனக்கு வந்தாலும் குத்தல் அவருக்குப் பட்டாலும் அது உன் உடம்பு சொல்லும் செய்திதான். அன்றைக்கே சொல்லிவிடு.

வெட்டித் தைத்த புண் ஆறிற்று. சேர்கிறோம். நடுவில் அவர் நின்று, “குத்துதா?” என்கிறார். நான் உடனே பதில் சொல்வதில்லை. கண்ணை மூடி உள்ளே இறங்கி, சுவர் சுவராகத் தடவிப் பார்க்கிறேன். அவர் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறார். வருஷம், வயசு எல்லாம் அந்த இடைவெளிக்குள் சுருங்கிவிடுகின்றன.

“இல்ல” என்கிறேன். அந்தப் பதில் இன்றைக்கு மட்டும்தான்.