மாடி வீட்டுக்காரியோடு ஒரு சண்டை

இஸ்திரிக்காரி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து யாரோடும் சண்டை போட்டதில்லை. பரம சாது என்று நினைத்துவிடாதீர்கள். எட்டு ஊருக்குக் கேட்கிற குரல் அவளுடையது. ஆனால் பிறந்த நாடு அவளை விரட்டிவிட்டு, உன்னைத் தெரியாது என்றும் சொல்லிவிட்டது. வந்த நாடு இன்னும் தன்னவள் என்று ஏற்கவில்லை. சத்தம் போட்டால் போலீஸ் வரும், வந்தால் அடையாளச் சீட்டு கேட்கும். அந்தப் பயத்தில் புருஷனைக்கூட கிசுகிசுவென்றுதான் திட்டுவாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்காருவாள்.

அன்று காலை மாடி வீட்டுக்காரி வராந்தாவைக் கழுவிவிட்ட அழுக்குத் தண்ணீர் அத்தனையும், வாசல் பெஞ்சில் இவள் தேய்த்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளின் தலையில் இறங்கியது. முன்பும் இப்படி நடந்ததுண்டு. பேசாமல் அலசிக் காயவைத்து மறுபடி தேய்ப்பாள். இன்று என்ன வந்ததோ!

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? கீழ மனுஷங்க இருக்கறது தெரியாது?"

தெருவே திரும்பிப் பார்த்தது. மாடி வீட்டுக்காரி வாய் திறந்தாள். 'நீ யாருடி கேக்க? எந்த ஊர்க்காரி நீ?' என்றுதான் வரும். அதைக் கேட்க நிற்காமல் இவள் உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். துணிமணியோடு எப்போதும் கட்டித் தயாராக இருக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கத்திட்டேங்க."

"நீயா?" சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனுக்குப் பயத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. "உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு!"

கதவு படபடவென்று தட்டப்பட்டது. புருஷன் திறந்தான். மாடி வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, பாதி சண்டையில கதவைச் சாத்திட்டுப் போனா என்ன அர்த்தம்? நான் இன்னும் பதிலே சொல்லல! முட்டி வலியோட இறங்கி வந்திருக்கேன்."

"சொல்லுங்கக்கா," என்றாள் இஸ்திரிக்காரி, கிசுகிசுவென்று.

"என்னது? காதுல விழல. அப்ப கத்தினியே, அந்த மாதிரி பேசு!"

இஸ்திரிக்காரிக்கு அழுகை வந்தது. அதற்குள் கோபமும் வந்துவிட்டது. பையைத் தரையில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"தண்ணியையும் ஊத்திட்டு, வாசல் வரைக்கும் சண்டைக்கும் வந்துட்டீங்களா?"

தெருக்கோடி வரை கேட்டது.

"அப்படிக் கேளு!" என்றாள் மாடி வீட்டுக்காரி திருப்தியாக. பிறகு தன் பதிலைத் தொடங்கினாள்.