பாய் ஏன் காதுக் கவசத்தைக் கழற்றினார்?

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை. இருபது வருட நண்பர் ஒருவரைப் பத்துப் பேர் எதிரில் வெளியே போகச் சொன்னேன்.

"பாய், காதுல மாட்டுங்க. இல்லன்னா லைனை விட்டு வெளியே வந்துடுங்க."

இவ்வளவுதான் சொன்னேன். ஆனால் சொன்ன தொனி இருக்கிறதே... அது நண்பனிடம் பேசுகிற தொனி இல்லை.

இடம், எங்கள் ரைபிள் கிளப். திருவள்ளூரிலிருந்து பள்ளிப்பட்டுப் பக்கம் போகிற வழியில், ஒரு கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. ஞாயிறுதோறும் அங்கே காகித டார்கெட்டைச் சுடுவதுதான் எனக்கு இருக்கிற ஒரே பொழுதுபோக்கு. யார் எப்போது சுடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று கட்டளை கொடுப்பவர் ரேஞ்ச் ஆபீசர். வாரம் ஒருவராக அந்த வேலையைப் பார்ப்போம். அன்றைக்கு என் முறை.

காதர் பாய்க்கு ஊர் பழவேற்காடு. கருவாட்டு வியாபாரம். வயது ஐம்பத்தெட்டு. அவர் அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறார். அதை அவர் தோளில் வைத்தால் பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் – அப்படி ஒரு நிதானம். எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

அந்த மனிதர், சுடுவதற்குத் தயாராக நிற்கும்போது, காதுகளை மூடுகிற இயர் மஃப்பைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தினேன்.

"அட, உடு ரகு. முப்பது வருஷமா சுட்டுக்கினு இருக்கேன். இன்னா ஆயிடப் போவுது?"

"மாட்டுங்க. இல்லன்னா வெளியே."

பாய் என்னைப் பார்த்தார். துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுத்தார். உறையில் போட்டார். தன் மாருதி வேனில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வேனில்தான் நானும் வந்திருந்தேன். பொன்னேரிக்கு மூன்று பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தேன்.

ஒரு மஃப்புக்கு இத்தனை பிடிவாதமா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அது என் இடது காதுக்குள் இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன்னால் கிளப்பில் எங்களுக்குள் ஒரு போட்டி நடந்தது. மழை வந்ததால் எல்லோரையும் தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் மாற்றினார்கள். நெருக்கியடித்து நின்றோம். என் காதில் இரண்டு துண்டு பஞ்சு – சாதாரண மருத்துவப் பஞ்சு. அது போதும் என்று நினைத்த மேதைகளில் நானும் ஒருவன். பக்கத்து ஆளின் குழல் முனை என் காதுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அவர் சுட்டார்.

தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினாற்போல் இருந்தது. அப்புறம் ஒரு சத்தம். குக்கர் விசில் அடிப்பதற்குச் சற்று முன்னால் மெல்லியதாக ஒரு கீச்சு கிளம்புமே... அது.

சாயங்காலம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

மறுநாள் பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபோர்ஜிங் தொழிற்சாலையில் எனக்குப் பராமரிப்புப் பிரிவில் வேலை. எதிர் சீட்டுக்காரரிடம், "இன்னாங்க, இந்தப் பெட்டியில பிரேக் சத்தம் இப்படி வருது?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வண்டி இன்னும் கெளம்பவே இல்ல சார்."

காது டாக்டரிடம் போனேன். திருவள்ளூரில் ஓர் அம்மா. ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார். வெளியே வந்ததும் காகிதத்தில் ஒரு கோடு காட்டினார். பாதி தூரம் ஒழுங்காகப் போன கோடு, கீச்சென்ற ஒலிகளுக்கான இடம் வந்ததும் குழியில் விழுந்திருந்தது.

"இது டின்னிட்டஸ். காதுக்குள்ள இருக்கற நுண்ணிய செல்லுங்க அடிபட்டிருக்கு. செத்த செல் திரும்ப முளைக்காது."

"எப்ப நிக்கும் டாக்டர்?"

"நிக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பழகிடும். மிச்சம் இருக்கறதைக் காப்பாத்துங்க."

பழகிடும்! சொல்வதற்கு என்ன... ஒரே ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேப்பர் படித்தால் கீச்சு. சாமி கும்பிட்டால் கீச்சு. அமைதியான இடம் என்று ஒன்று உலகத்தில் எனக்கு இல்லாமலே போய்விட்டது. எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் காலை நான் ஷேவ் செய்துகொண்டிருந்தேன். என் மனைவி வசந்தா போனை வைத்துவிட்டு வந்து, கதவோரம் நின்று ஏதோ சொன்னாள். 'சித்தப்பா' என்பதும் கடைசியில் 'டாராம்' என்பதும் கேட்டன. வருகிறாராக்கும் என்று நினைத்து, "தாராளமா வரட்டும். கோழி வாங்கியாரவா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அவளை வளர்த்த சித்தப்பா. "போயிட்டாராம்" என்று சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கே துப்பாக்கியை விட்டேன். கிளப் பக்கமே போகவில்லை. இரண்டு மாதம்.

விட்டதால் கீச்சு நின்றதா? இல்லை. இன்னும் பெரிதாகக் கேட்டது. காரணத்தை யோசித்தேன். டார்கெட்டைக் குறிபார்த்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விரல் மெதுவாக அழுந்துகிற அந்தச் சில விநாடி – அப்போது மட்டும்தான் என் மனம் வேறு எதையும் நினைக்காது. அதையும் பறிகொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து கீச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காதைக் கெடுத்தது துப்பாக்கியா? பஞ்சு போதும் என்ற என் சோம்பேறித்தனம். நியாயமாக விடவேண்டியது அதைத்தானே?

மறுபடி சுடப் போகிறேன் என்று வசந்தாவிடம் சொன்னேன். அவள் கணக்கு டீச்சர். அழவில்லை, கத்தவில்லை. நிபந்தனை போட்டாள்.

"ஆறு மாசத்துக்கு ஒருதரம் அந்த டெஸ்ட் எடுக்கணும். ரிப்போர்ட்டை நான் பார்ப்பேன். கோடு ஒரு நூல் எறங்கினாலும் அன்னியோட கிளப்புக்கு முழுக்கு. சரியா?"

"சரி."

சரி என்றேனே தவிர, காதை எப்படிக் காப்பாற்றுவது? இங்கேதான் ஒரு வெட்கக்கேடு. எங்கள் தொழிற்சாலையில் சம்மட்டி மெஷின்கள் நாள் முழுக்க இரும்பை அடிக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் காதில் வைக்கிற ஃபோம் பிளக்கை வருடக்கணக்காக விநியோகம் செய்பவனே நான்தான்! வைக்காதவர்களைத் திட்டுபவனும் நான்தான்.

சம்மட்டி மெஷின் ஆபரேட்டர் ஏழுமலைக்கு விஷயம் தெரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பு...

"எங்க காதைத் திருகித் திருகிப் பார்த்தீங்களே சார், நீங்க போயி பஞ்சு வெச்சுக்கினு சுட்டீங்களா?"

"சரிய்யா, மானத்தை வாங்காதே."

"எங்க, நீங்க வெச்சுக் காட்டுங்க பார்ப்போம்."

வைத்தேன். பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. ஏழுமலை அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் ஊதுபத்திக் குச்சி போல் மெல்லிசாக உருட்டினார். "இந்தக் கையைத் தலைக்குப் பின்னால கொண்டாந்து, காதை மேல தூக்கிப் புடிங்க. இப்ப உள்ள விடுங்க. உட்டுட்டு ஓடிடாதீங்க. அது உப்பற வரைக்கும் அமுக்கிக்கினு நில்லுங்க."

திடீரென்று மெஷின் சத்தம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. இத்தனை வருடம் நான் கொடுத்ததை ஒருநாள்கூட நான் ஒழுங்காக வைத்ததில்லை.

அன்றிலிருந்து உள்ளே பிளக், மேலே மஃப், இரண்டும். தகர ஷெட்டில் கூட்டம் கூடினால் நான் வெளியே நின்றுவிடுவேன். படுக்கும்போது ஃபேன் ஓடும். முழு அமைதியில் படுப்பதில்லை. கிளப்பிலும் சண்டை போட்டேன். 'காது மூடாதவன் சுடக்கூடாது' என்று கமிட்டியில் விதி கொண்டுவர ஒன்றரை வருடம் ஆயிற்று. ஆம்பளைக்கு எதற்குக் காதில் டப்பா என்று கேட்டவர்களும் உண்டு. விடவில்லை.

அப்படிக் கொண்டுவந்த விதியைத்தான் பாய் மீறினார். என் கோபம் இப்போது புரிகிறதல்லவா?

இரண்டு நாள் பார்த்தேன். போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்க இல்லை – விதி விதிதான் என்று நேரில் சொல்ல.

பாய் கருவாட்டுக் கிடங்கில் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய்."

திரும்பவில்லை.

"பாய், கோவமா?"

அசையவில்லை. சரி, ரொம்பத்தான் கோபம் என்று நினைத்தேன். அப்போது அவர் பக்கத்து ஸ்டூலில் இருந்த செல்போன் அடித்தது. கீச்கீச்சென்று, எட்டிப் பிடிக்கிற தூரத்தில். அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் தலை திரும்பவே இல்லை.

சுற்றி வந்து அவர் முன்னால் நின்றேன். முகம் மலர்ந்தது.

"அட, ரகுவா! எப்ப வந்த?"

"பாய்... போன் அடிச்சுதே?"

அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாக அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"உக்காரு. உனக்கு ஒரு காதுலதானே? எனக்கு ரெண்டுலயும். ஆறு வருஷமா."

"ஏன் பாய் சொல்லலை?"

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? பாய்க்கு வயசாயிடுச்சுன்னு ஓரமா நாற்காலி போட்டு உக்கார வெச்சுடுவீங்க."

"அதுக்காக, இருக்கறதையும் கெடுத்துக்கறதா? மஃப்பை ஏன் கழட்டுனீங்க?"

"மாட்டுனா நீ கத்தறது எனக்குக் கேக்கல ரகு. 'ஸ்டார்ட்'டா, 'ஸ்டாப்'பா – தெரியல. பக்கத்துல இருக்கறவன் சுட்டா சுடறேன், நிறுத்துனா நிறுத்தறேன். போன மாசம் நீங்க எல்லாரும் நிறுத்துனப்புறம் நான் ஒண்ணு சுட்டேன், ஞாபகம் இருக்கா? கை தவறிடுச்சுன்னேன். தவறல. காதுல விழல. டார்கெட் மாத்த எவனாவது முன்னால போயிருந்தா...? யா அல்லா. அதான் கழட்டுனேன். என் காது போனாப் போவட்டும், இன்னொருத்தன் உசுரு போவக்கூடாதுன்னு."

விதி போட்டேன், சண்டை போட்டேன், விசில் ஊதினேன். எல்லோர் காதையும் மூடச் சொல்லிவிட்டு, கட்டளையை மட்டும் வாயாலும் விசிலாலுமே கொடுத்துக்கொண்டிருந்தேன். மூடின காதுக்கு எப்படிக் கேட்கும் என்று ஒருநாள் யோசித்தேனா? நல்ல காதுக்காரன் சமாளித்தான். பாய் அகப்பட்டுக்கொண்டார். அவர் கழற்றியதற்குக் காரணமும் கேட்காமல் வெளியே போகச் சொன்னேன்.

"தப்பு என் மேல பாய்."

"நீ சொன்னது சரிதான். சொன்ன விதம்தான் பேஜாரு."

வியாழக்கிழமை அவரை அதே டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். வர மாட்டேன் என்றார். எனக்கும் ஆறு மாத டெஸ்ட் பாக்கி, துணைக்கு வாங்க என்று இழுத்துப்போனேன். பாயின் கோடு என்னுடையதைவிட ஆழமான குழியில் கிடந்தது, இரண்டு காதிலும். காது மெஷின் வைத்தாக வேண்டும் என்றார் டாக்டர்.

பாய் கேட்டது ஒரே கேள்வி. "சுடலாமாம்மா?"

"விட்டுட்டாத்தான் நல்லது. விட முடியாதுன்னா ரெண்டு பாதுகாப்பும் போட்டுக்கிட்டு, கொஞ்சமா. கட்டளை கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏற்பாடு இருக்கணும். இல்லன்னா கூடாது."

கண்ணுக்குத் தெரிய வேண்டும்... அவ்வளவுதானே! வெள்ளி, சனி இரண்டு நாள். தொழிற்சாலை எலக்ட்ரீஷியனைப் பிடித்து, சுடுகிற வரிசை முழுக்கத் தெரிகிற மாதிரி சிவப்பு, பச்சை விளக்குப் பலகை ஒன்று செய்துவிட்டேன். கரண்ட் போனால் கொடி.

போன ஞாயிறு பாயின் வேனிலேயே போனோம். என் கையில் சுவிட்ச். "இன்னா சார், சிக்னல் போட்டு ட்ரெயின் உடப் போறீங்களா?" என்று ஒருவர் கிண்டலடித்தார். பச்சை போட்டேன். பாய் பிளக்கும் மஃப்பும் போட்டுக்கொண்டு, கல் போல் நின்று சுட்டார். சிவப்பு போட்டேன். வரிசையில் முதலில் தாழ்ந்த குழல் அவருடையது.

முடிந்ததும் என்னிடம் வந்து, "முந்தியெல்லாம் பக்கத்து ஆளையே பார்த்துக்கினு இருந்தேன் ரகு. இன்னிக்குத்தான் டார்கெட்டைப் பார்த்தேன்" என்றார்.

காது மெஷினுக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. பேரம் பேசுகிற இடத்தில் காதில் மெஷினா என்கிறார். நானும் விடுவதாக இல்லை. என் ரிப்போர்ட்டை வசந்தா பார்த்துவிட்டாள். கோடு ஒரு நூல்கூட இறங்கவில்லை. இதை எழுதும்போதும் கீச்சு கேட்கிறது. கேட்டுவிட்டுப் போகட்டும்.

துப்பாக்கி லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துத் தருகிறார்கள் – காதுக்கு அந்தக் கவுன்ட்டரே கிடையாது!